பனி அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்? கோலாலம்பூரிலிருந்து ஸ்கீ போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கிள்ளானில் இருக்கும் அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து முதன்முதலாக ஜப்பானுக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) போன வருஷம் அது. கே.எல்.ஐ.ஏ.வில் விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில், போகப்போகும் மலையின் பனி அறிக்கையைக் கைப்பேசியில் திறந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "பனி ஆழம் 110 சென்டிமீட்டர். நிலை: நன்று." அக்கா மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்து, "மாமா, இவ்வளவு உயரமா!" என்று குதித்தாள்.

மறுநாள் நாங்கள் நின்ற சரிவு மொசைக் தரை மாதிரி வழவழவென்று மின்னியது. ஸ்கீயின் விளிம்பு அதில் உரசும்போது, சிமெண்டுத் தரையில் அலுமினியப் பானையை இழுக்கிற சத்தம். ஓரங்களில் காய்ந்த புல் நுனி எட்டிப் பார்த்தது. இரண்டு நாளைக்கு முன் ராத்திரி மழை பெய்து, பிறகு குளிர் இறங்கி எல்லாம் இறுகிவிட்டதாகப் பயிற்றுநர் சொன்னார். அந்த 110 சென்டிமீட்டர் எங்கே என்று கேட்டேன். மலை உச்சியைக் காட்டினார். அங்கே போகும் லிஃப்ட் (கம்பியில் தொங்கி ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி வரிசை) காற்றால் நின்றிருந்தது. ஓடியிருந்தாலும் முதல்நாள் ஆட்கள் எங்களுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த மலையின் பெயர் இங்கே வேண்டாம். அது தந்த எண் சரியானதுதான். அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் மழை தெரியும், வெயில் தெரியும், புகைமூட்டம்கூடத் தெரியும். பனி தெரியாது. தமிழில் பனி என்று சொன்னாலே மார்கழிக் காலையில் இலையில் நிற்கும் துளிதான் முதலில் மனத்துக்கு வரும். அதனால் யாரோ ஒரு சென்டிமீட்டர் கணக்கைச் சொன்னதும் அப்படியே நம்பிவிடுகிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் பனி அறிக்கைகளை ஒரு நோட்டில் எழுதி, அரசு அளவீடுகளோடும் நேரில் பார்த்ததோடும் ஒப்பிட்டு வருகிறேன். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த முடிவுக்கு அறிக்கை, எதற்கு இல்லை

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பணம் வீணாவது இங்கேதான்.

மலிவான விமான டிக்கெட் வேண்டும் என்று நாம் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ எடுக்கிறோம். அப்போது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பனியே கிடையாது. எனவே விமானமும் தங்குமிடமும் பனி அறிக்கையைப் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல. அது பருவத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மேற்குப் பக்கத்து மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. இந்த ஓட்டம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை உச்சத்தில் இருக்கும். டிசம்பர் தொடக்கத்தில் போவது சூதாட்டம். 2019-20 குளிர்காலத்தில் ஜப்பானில் வழக்கத்தைவிட வெப்பம் மிக அதிகம். ஜனவரி பிறந்த பிறகும் ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷுவின் பல மலைகளால் முழுதாகத் திறக்க முடியவில்லை. காஷ்மீரின் குல்மார்க்கில் 2024 ஜனவரியில் சரிவுகள் மண் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தன. மாதக் கடைசியில் பனி விழத் தொடங்கி, பிப்ரவரியில் அங்கே குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே நடந்தன. அதே ஊர், அதே வருஷம், இடையில் சில வாரம்தான்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துவிட்டுப் பிறகு கிளம்புகிறோம் என்கிற குடும்பங்களுக்கு, ஹொக்கைடோவைப் பொறுத்தவரை நல்ல காலமே அமையும். சீனப் புத்தாண்டு வாரத்தோடு மோதினால் விலை ஏறும், அவ்வளவுதான்.

சரி, பனி அறிக்கை எப்போது உதவும்? புறப்படுவதற்கு முந்தைய பத்து நாளில். எந்த மலைக்குப் போவது, எந்த நாளில் லிஃப்ட் பாஸ் வாங்குவது, எந்த நாளை ஊர் சுற்ற ஒதுக்குவது என்ற முடிவுகளுக்கு. லிஃப்ட் பாஸை இங்கிருந்தே எல்லா நாளுக்கும் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் மலிவு என்பது உண்மை. முதல் பயணம் என்றால் அந்தச் சில ரிங்கிட்டை விட்டுக்கொடுத்து, நாளை மாற்றும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

படி 2: எழுதியவர் யார் என்று பாருங்கள்

பனி அறிக்கையை எழுதுவது பெரும்பாலும் அந்த மலையில் டிக்கெட் விற்கும் நிறுவனமே. சந்தையில் மீன்காரரிடமே மீன் புதுசா என்று கேட்கிற மாதிரி. அவர் பொய் சொல்லத்தான் போகிறார் என்று அர்த்தமில்லை. செவுளைத் திறந்து நாமும் பார்க்க வேண்டும், அதுதான்.

இதில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் சின்மன், எரிக் சிட்செவிட்ஸ் இருவரும் ஸ்கீ மையங்கள் தாமே அறிவித்த புதுப்பனி அளவைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வார இறுதியில் அறிவிக்கப்பட்ட பனி, வார நாட்களைவிட 23 சதவீதம் அதிகம் என்று 2009-ல் வெளியான அதன் முதல் வடிவம் சொன்னது. அரசு வானிலைப் பதிவுகளிலோ அப்படி ஒரு வார இறுதி ஏற்றம் இல்லை. மேகத்துக்குச் சனிக்கிழமை தெரியாது. டிக்கெட் கவுண்டருக்குத் தெரியும். மிகைப்படுத்தினால் யாருக்கு லாபம் அதிகமோ அவர்களே அதிகம் மிகைப்படுத்தியதையும் ஆய்வு காட்டியது.

எனக்கு இதில் பிடித்தது அடுத்த பகுதி. 2009-ன் தொடக்கத்தில், சரிவில் நிற்கிறவர்களே ஐபோனிலிருந்து "இங்கே பனி இப்படி" என்று உடனுக்குடன் எழுதும் வசதி ஒரு செயலியில் வந்தது. அதற்குப் பிறகு மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. அதுவும் ஐபோன் சிக்னல் நன்றாகக் கிடைத்த மலைகளில்தான் இன்னும் அதிகமாகக் குறைந்தது. பக்கத்தில் சாட்சி இருந்தால் தராசு நேராக நிற்கிறது.

அந்த ஆய்வு வட அமெரிக்க மலைகளைப் பற்றியது, காலமும் மாறிவிட்டது. ஜப்பான் மலைகளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளி மாலை, சனி காலை அறிக்கைகளைச் செவ்வாய், புதன் அறிக்கைகளைவிட ஒரு பிடி கூடுதல் கவனத்தோடு படிக்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது.

படி 3: எண்ணை உடைத்துப் படியுங்கள்

அறிக்கையில் பொதுவாக இரண்டு எண் இருக்கும். ஒன்று, தரையிலிருந்து மொத்தப் பனி ஆழம். மற்றொன்று, கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

மொத்த ஆழத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: எந்த உயரத்தில் அளந்தது? பினாங்குக் கொடிமலையில் ஸ்வெட்டர் தேடுகிற நேரத்தில் ஜார்ஜ்டவுனில் வேர்த்துக் கொட்டும். அது வெறும் 800 மீட்டர்ச் சொச்சம் வித்தியாசம். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹொன்ஷுவில் உள்ள ஹகுபாவின் ஹாப்போ-ஒனே மலையில் அடிவாரம் 760 மீட்டர், உச்சி லிஃப்ட் 1,831 மீட்டர். அதாவது, மேலே பனியாக விழுவது கீழே மழையாக விழ முழு வாய்ப்பு உண்டு. அடிவாரம், நடு, உச்சி என்று மூன்று எண் தரும் அறிக்கையை நான் மதிக்கிறேன். ஒரே ஓர் எண் மட்டும் தந்தால் அது உச்சி என்றே எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அடிவார எண்தான் எல்லாம். பயிற்சிச் சரிவு இருப்பது அங்கே.

புதுப்பனி எண் இன்னும் நுணுக்கமானது. வெள்ளைப் பலகை ஒன்றை வைத்து, அதில் சேர்ந்த பனியை அளந்து, துடைத்து, மறுபடி வைப்பார்கள். எத்தனை முறை துடைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். பனி விழுந்தபடியே தன் எடையில் அமுங்கும். 24 மணி நேரம் விட்டு ஒரே தடவை அளந்தால் ஓர் அளவு வரும். அடிக்கடி துடைத்துத் துண்டு துண்டாக அளந்து கூட்டினால் அதைவிடப் பெரிய அளவு வரும். அதே மேகம், அதே பனி. இதனால்தான் அமெரிக்க வானிலைச் சேவை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

இந்த அமுங்கலை என் அக்கா மகளுக்குப் புரியவைத்தது ஓர் ஐஸ் கச்சாங் கிண்ணம். என் மனைவிக்குப் பினாங்கு சொந்த ஊர். போகும்போதெல்லாம் பினாங்கு ரோட்டுப் பக்கம் ஐஸ் கச்சாங் சாப்பிடுவோம். கடைக்காரர் ஐஸைச் சீவிக் குவித்து மேசையில் வைத்ததும் சிரப்பு ஊற்றாமல் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிரு என்றேன். கோபுரம் மாதிரி நின்றது மெதுவாகத் தோள் இறங்கியது. கரண்டியின் அடிப்பாகத்தால் தட்டினாள். பாதியாய் அமுங்கி உறுதியானது. இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த சரிவு அதுதான். பிறகு சிரப்பு ஊற்றினோம். நடுவில் குழி விழுந்தது, நுனிகள் கரைந்து சொதசொதவென்று ஆனது. பனி மேல் மழை. "இதை இப்படியே ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைத்தால்?" என்று கேட்டேன். "கல்லாயிடும் மாமா." முதல் பயணத்தில் நாங்கள் நின்ற சரிவு அது என்று அவளே சொன்னாள். ஐஸ் ஒன்றுதான், நிலைதான் நாலு. கிண்ணத்தில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்தால் இந்த நான்கில் எது என்று தெரியாது.

படி 4: நிலையைச் சொல்லும் சொற்கள்

ஜப்பான் அறிக்கைகளை மொழிபெயர்ப்புச் செயலி வழியாகப் படித்தால் பல சொல் குழம்பும். மூலத்தில் இருப்பது இவைதான்: "செகிசெட்சு" என்றால் மொத்தப் பனி ஆழம். "ஷின்செட்சு" புதுப்பனி. "அஸ்செட்சு" இயந்திரம் ஓட்டி அழுத்திய சரிவு. தொடக்கநிலை ஆட்கள் தேட வேண்டிய சொல் இது. "ஐஸுபான்" என்று பார்த்தால், இறுகிய ஐஸ். அதை அவர்களே எழுதிவிட்டார்கள் என்றால் நிஜமாகவே மோசம். "கஸ்ஸோ கா" சறுக்கலாம், "இச்சிபு" ஒரு பகுதி மட்டும், "ஃபுகா" முடியாது. "இச்சிபு" என்ற சின்னச் சொல்லைத் தவறவிட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

ஆங்கில அறிக்கைகளில் "பவுடர்" என்றால் மென்மையான புதுப்பனி. "பேக்டு பவுடர்" அழுத்திய பனி, கவலையில்லை. "ஹார்டுபேக்" இறுகியது. "வேரியபிள்" என்று எழுதியிருந்தால், ஓர் இடத்தில் நன்றாகவும் மற்ற இடத்தில் மோசமாகவும் இருக்கிறது, நல்ல செய்தியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"நன்று", "மிக நன்று" போன்ற சொற்களை நோட்டில் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

படி 5: விற்பனையில் பங்கில்லாத அளவீட்டோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜப்பான் வானிலை நிலையம் 1974 நவம்பர் 1 முதல் அமெடாஸ் என்ற தானியங்கி அளவீட்டு வலையை நடத்திவருகிறது. நாடு முழுக்கச் சுமார் 1,300 இடங்கள். பனி அதிகம் விழும் ஊர்களில் பனி ஆழத்தையும் மணிக்கு மணி பதிகிறது. ஆங்கிலத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஹொக்கைடோவின் நிசெகோவுக்குப் போகிறவர்கள் பக்கத்து ஊரான குச்சானின் பதிவைப் பார்க்கலாம். ஹகுபாவுக்கு அந்தக் கிராமத்திலேயே நிலையம் இருக்கிறது. இரண்டும் பள்ளத்தாக்கில் இருப்பவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மலை மேலே பனி இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். எனவே எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள். போக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எப்படி என்று ஓர் உதாரணக் கணக்கு. மலை "நேற்று ராத்திரி 30 சென்டிமீட்டர் புதுப்பனி" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெடாஸ் பக்கத்தில் அதே ராத்திரி 12 மில்லிமீட்டர் நீரளவும் (விழுந்த பனியை உருக்கினால் வரும் நீர்), வெப்பநிலை மைனஸ் 6-ம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது தோராயக் கணக்கு. கடுங்குளிரில் விழும் ஹொக்கைடோப் பனி காற்றோட்டமாக இருப்பதால் இன்னும் உப்பி நிற்கும். பள்ளத்தாக்கிலேயே 12 முதல் 18 வரும், மேலே 30 சாத்தியம். நம்பலாம். இன்னொரு நாள், மலை அதே 30-ஐச் சொல்கிறது. கீழே நீரளவு 12 மில்லிமீட்டர்தான், ஆனால் வெப்பநிலை பிளஸ் 3. அப்படியென்றால் அடிவாரத்தில் விழுந்தது மழை. உச்சியில் பனி இருக்கலாம். குழந்தைகள் நிற்கப்போகும் சரிவில் இருக்காது. மூன்றாவது நாள், கீழே நீரளவே பூஜ்யம், மலை மட்டும் 30 என்கிறது. அன்று கேமராவைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இதைவிட அருமையான ஒன்று இருக்கிறது. ஸ்னோவி ஹைட்ரோ என்ற நீர்மின் நிறுவனம் 1954 முதல் ஸ்பென்சர்ஸ் கிரீக் என்ற இடத்தில் வாராவாரம் பனி ஆழத்தை அளந்து வெளியிடுகிறது. அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ள அவர்கள் அளக்கிறார்கள். ஸ்கீ டிக்கெட்டோடு சம்பந்தமே இல்லை. அங்கே 1981-ல் பதிவான 361.1 சென்டிமீட்டர் உச்ச சாதனை. அந்த இடம் 1,830 மீட்டர் உயரத்தில், இயற்கைப் பனி மட்டும் சேரும் இடம். ஸ்கீ மையமான திரெட்போவின் கிராமமோ 1,365 மீட்டரில் இருக்கிறது. ஆகவே ஸ்பென்சர்ஸ் கிரீக் எண்ணை அடிவாரத்துக்குப் பொருத்தக் கூடாது. ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிட அதைவிட நேர்மையான எண் அந்தப் பக்கத்தில் இல்லை.

கொரியா வேறு கதை. யோங்பியோங் போன்ற மலைகள் குளிர் மிகுந்தவை, ஆனால் வறண்டவை. சரிவில் இருப்பது பெரும்பாலும் இயந்திரப் பனி. அங்கே "புதுப்பனி 0" என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். வறண்ட காற்றில், சுழியத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே இயந்திரம் ஓட ஆரம்பிக்கும். கடந்த வாரம் ராத்திரிகள் குளிர்ந்தனவா என்று மட்டும் பாருங்கள். இயந்திரப் பனி கனமானது, சீக்கிரம் கரையாது, விழுந்தால் வலிக்கும்.

படி 6: ஐந்து நாள் வெப்பநிலையைப் பின்னோக்கிப் பாருங்கள்

எல்லாரும் நாளைய வானிலையைப் பார்க்கிறார்கள். பனியைப் பொறுத்தவரை நேற்றும் முந்தாநாளும்தான் முக்கியம். கடந்த ஐந்து நாளில் சுழியத்துக்கு மேலே போய் மறுபடி கீழே இறங்கியதா? போயிருந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு புதுப்பனி விழுந்தது? மழைக்குப் பின் உறைந்த தளத்தின் மேல் 3 சென்டிமீட்டர் விழுந்திருந்தால் ஐஸை மூடிய பவுடர்தான் அது. பார்வைக்கு வெள்ளை, மிதித்தால் வழுக்கும். 20 விழுந்திருந்தால் கவலை குறைவு.

படி 7: கேமரா

நேரடிக் கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது மூலையிலிருக்கும் தேதியும் நேரமும். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். இங்கே காலை ஏழு என்றால் அங்கே எட்டு, வெளிச்சம் வந்திருக்க வேண்டும். படம் இருட்டாகவோ, மத்தியான நிழலோடோ இருந்தால் அது பழைய படம்.

பிறகு சரிவை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். சரிவில் இயந்திரம் ஓட்டி வெள்ளையாக வைத்திருப்பார்கள். மரக்கிளையில் பனி நிற்கிறதா, கார் நிறுத்துமிடம் ஈரமாகக் கறுத்திருக்கிறதா, கூரையிலிருந்து நீர் சொட்டி ஐஸ் குச்சி தொங்குகிறதா? கார் நிறுத்துமிடம் நனைந்து பளபளத்தால் அடிவாரத்தில் மழை பெய்திருக்கிறது, அல்லது உருகுகிறது. மாலை ஒரு படம், காலை ஒரு படம் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்து, வேலிக் கம்பத்தின் எத்தனை கட்டை மறைந்திருக்கிறது என்று எண்ணுவேன். பலகை, தராசு எதுவும் வேண்டாம். அந்த வேலியே அளவுகோல்.

படி 8: "80 சதவீதம் திறப்பு" என்றால் என்ன

எதில் 80 சதவீதம்? லிஃப்ட் எண்ணிக்கையிலா, பாதைகளின் எண்ணிக்கையிலா, பரப்பிலா? நூறு மீட்டர்ச் சிறு பாதையும் மூன்று கிலோமீட்டர்ப் பாதையும் எண்ணிக்கையில் ஒன்றுதான். பாதை நீளமே நம்பத்தக்கதா என்ற கேள்வியும் உண்டு. ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் ஷ்ராஹே 50 பெரிய ஸ்கீ பகுதிகளின் பாதைகளைத் தானே அளந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார். விளம்பரத்தில் சொன்ன நீளத்தைவிட உண்மை நீளம் வெகுவாகக் குறைந்த இடங்கள் பல. சறுக்குகிறவர் வளைந்து வளைந்து இறங்கும் தூரத்தையெல்லாம் சிலர் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். பயிற்சிச் சரிவின் லிஃப்ட் ஓடுகிறதா? அடிவாரத்திலிருந்து நடுப்பகுதிக்குப் போகும் கொண்டோலா (கம்பியில் தொங்கும் மூடிய பெட்டி) ஓடுகிறதா? கடைசியில் சறுக்கிக்கொண்டே கீழே வர வழி திறந்திருக்கிறதா, இல்லை கொண்டோலாவிலேயே திரும்ப வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு "கொண்டோலாவில்தான்" என்று பதில் வந்தால் அடிவாரத்தில் பனி போதவில்லை என்று அர்த்தம், மேலே எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாலும்.

காற்று பலமாக இருந்தால் உச்சி லிஃப்ட்கள் நிற்கும். பனி அறிக்கை அதிகாலையில் எழுதப்படுகிறது; காற்று எட்டு மணிக்கு எழும்பும். எனவே லிஃப்ட் நிலையைத் தனியாக, டிக்கெட் வாங்கும் நிமிஷத்தில் பாருங்கள்.

ஒரு கண்டிப்பான சொல்: பனி அறிக்கை பனிச்சரிவு (மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவது) எச்சரிக்கை அல்ல. புதுப்பனி நிறைய என்று மகிழ்ச்சியாக எழுதும் அதே காலையில்தான் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஆபத்து அதிகம். நிசெகோவில் எல்லைக்கு வெளியே போவதற்குத் தனி விதிகளும், திறந்து மூடும் வாயில்களும், தினமும் காலையில் வெளியாகும் தனிப் பனிச்சரிவுக் குறிப்பும் இருக்கின்றன. நிசெகோ வில்லேஜ் 2010 முதல் நம் ஒய்.டி.எல். குழுமத்தின் கையில் இருப்பதால் மலேசியர்கள் அங்கே நிறையப் போகிறோம். நம்மில் பெரும்பாலோர் தொடக்கநிலைதான். கயிற்றைத் தாண்டிப் போன தடங்களைப் பார்த்துப் பின்னால் போகாதீர்கள். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 9: நோட்டு

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம்: மலை சொன்ன புதுப்பனி, அமெடாஸ் நீரளவு, அன்றைய அதிகபட்ச வெப்பநிலை, ஓடிய லிஃப்ட்கள், கேமராவில் கண்டது. வேலைக்குப் போகுமுன் தே தாரிக் ஆறுவதற்குள் எழுதி முடிக்கலாம். ஆறாம் ஏழாம் நாளில் அந்த மலையின் குணம் பிடிபட்டுவிடும். சில மலைகள் அடக்கமாகவே எழுதும். சில எப்போதும் நாலைந்து சென்டிமீட்டர் தாராளமாக எழுதும். தாராளம் என்று தெரிந்த பிறகு அதைக் கழித்துப் படித்துக்கொள்ளலாம், சிக்கல் இல்லை.

படி 10: அங்கே இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்

ஸ்கீ வாடகைக் கடைக்கோ தங்குமிடத்துக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள். "பனி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது, வாருங்கள்" என்றே பதில் வரும், விருந்தினரிடம் வேறு என்ன சொல்வார்கள்? குறிப்பாகக் கேளுங்கள்: கடைசியாக மழை எப்போது பெய்தது? காலையில் பயிற்சிச் சரிவு கடினமா, மென்மையா? உங்கள் பிள்ளையைக் கூட்டிப்போவதாக இருந்தால் எத்தனை மணிக்குப் போவீர்கள்?

ஒரு மார்ச் மாதம் ஹகுபாவில் தங்கியிருந்தபோது அக்கா மகள்தான் இதைச் செய்தாள். அன்றைய அறிக்கையில் ஆழம் தாராளமாக இருந்தது, எல்லா லிஃப்டும் ஓடின. அவள் நோட்டில் மட்டும் முந்தின பகல் பிளஸ் 7, ராத்திரி மைனஸ் 4 என்று இருந்தது. வாடகைக் கடைக்காரருக்கு மொழிபெயர்ப்புச் செயலியில் மூன்று கேள்வியையும் தட்டி அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "மழை இல்லை. காலையில் கல். பத்தரைக்கு மேல் வெயில் பட்டால் வெண்ணெய் மாதிரி ஆகும். என் மகனைப் பதினொன்றுக்குக் கூட்டிப்போவேன்."

மணி எட்டு. அக்கா கொண்டுவந்த ரவையில் உப்புமா கிண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம். பதினொன்றுக்குச் சரிவில் கால் வைத்தபோது ஸ்கீக்கு அடியில் சத்தமே இல்லை.